கடலுக்குக் கொண்டுபோன கிணற்றுக் கயிறு

என் வீட்டுக்காரர் கயிறு விற்கிறவர். செஞ்சியில் திண்டிவனம் சாலையில் எங்கள் கடை. மோட்டார், பைப், வால்வு, வாளி எல்லாம் வைத்திருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது கயிற்றுக்கடைதான். அவர் கொள்முதலுக்குப் போகும் நாட்களில் கடையில் உட்கார்ந்து அளந்து கொடுப்பது நான். முப்பது வருஷமாக அப்படித்தான். கிணற்றுக்குக் கயிறு கேட்டு வருகிறவரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான், தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று. சொல்லும் ஆழத்துக்கு மேல் இரண்டு முழம் சேர்த்து வெட்டுவோம். வாளியில் முடிச்சுப் போட ஒரு முழம், கையில் சுற்றிப் பிடிக்க ஒரு முழம். அதற்கு மேல் நீளம் கொடுத்தால் காலில் சிக்கி ஆளையே உள்ளே இழுத்துவிடும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை நான் ஒரு நாள் கடல் வரைக்கும் கொண்டுபோய் அவமானப்பட்டேன். மறுநாள் அவரும் அதையே செய்தார். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

என் நைனாவின் நிலம் தொண்டூரில் இருந்தது. அங்கே நாலு பக்கமும் கல் கட்டி, ஒரு பக்கம் படி வைத்த பெரிய கிணறு. எட்டு வயதில் முதுகில் காலி எண்ணெய் கேன் கட்டி என்னை அதில் தள்ளிவிட்டார்கள். ஒரு மாதத்தில் கேனைக் கழற்றி எறிந்தேன். பதினொரு வயதில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்து, அடிவரைக்கும் போய், கைநிறையச் சேறு அள்ளி வந்து என் தம்பியின் தலையில் அப்புவேன். அடியைத் தொட்டதற்கு அதுதான் சாட்சி. பதிமூன்று வயதில் ஒரு நாள் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இனிமே கெணத்துல எறங்காத" என்றாள். குழம்பு ஊற்றுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நைனா ஏன் என்று கேட்கவில்லை. தம்பி தொடர்ந்து குதித்தான். நான் அவனுக்கும் ஆட்களுக்கும் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போய் கிணற்றுமேட்டில் நின்றுகொண்டு பார்த்தேன். நாற்பது வருஷம் ஆகியும் எனக்கு அந்தக் கோபம் தணியவில்லை. தணிய நான் விடவும் இல்லை.

ஐம்பத்துமூன்றாவது வயதில், கடையில் ஆள் வராத ஒரு மத்தியான வேளையில், செல்போனில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைப் பாய் கட்டிய ஒரு படகு. உள்ளேயே படுக்க அறை, சமையல் செய்ய அடுப்பு. ஒரு சின்னத் தீவின் பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. அதன் பின்பக்க ஏணியில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி இறங்குகிறாள். முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய். குப்புறப் படுத்துத் தண்ணீரில் மிதந்தபடியே கீழே மீன்களைப் பார்க்கிறாள். என் வயது இருக்கும், இடுப்பும் என்னுடையதைவிட அகலம். அதை நான்கு தடவை பார்த்தேன். பிறகு அந்தமானில் அப்படிப்பட்ட படகு எங்கே கிடைக்கிறது என்று தேடி, ஐந்து நாளுக்கு இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் மோசமான மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கை நீட்டியதில்லை, கடுஞ்சொல் பேசியதில்லை. ஆனால் நான் செய்யும் எதையும் தான் கொடுத்த அனுமதியாக மாற்றிக்கொள்ளும் திறமை அவரிடம் உண்டு. நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றபோது, "நான் உட்டேன், கத்துக்கினா" என்றார். கடையில் உட்கார்ந்தபோதும், "நான்தான் உக்கார உட்டேன்" என்றார். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது நான், பெயர் அவருக்கு. இதைக் கேட்டுக்கேட்டு என் காது காய்த்துப்போயிருந்தது.

படகு விஷயத்தைக் கேட்டதும் அளந்துகொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"உனுக்கு இன்னா ஆச்சு? நம்ம ஊர்ல எவனாவது கடலுக்குப் போறானா?"

"எவனும் போகல. நான் போறேன். நீங்க வரீங்களா இல்லியா?"

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தார். "நானும் வரேன். ஆனா நீ படகுலயே உக்காந்து பாக்கணும். தண்ணில எறங்கக்கூடாது. சரியா?"

சரி என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக இன்றுவரை எனக்கு வெட்கமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூரிலிருந்து என் நாத்தனார், அவருடைய தங்கை, வந்தாள். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறவர்கள், கிழங்கு தின்னாதவர்கள், இருட்டுவதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிறவர்கள். வீட்டில் ஒரு எறும்பு வரிசை போனால் சுற்றிக்கொண்டு போகிறவள் என் நாத்தனார். அவள் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தாள்.

"கடல்ல கால வைக்கிற எடமெல்லாம் உசுரு இருக்குதாமே அண்ணி. அத மிதிக்கவா அவ்ளோ தூரம் போறீங்க?"

"மிதிக்கமாட்டேன், புடிக்கமாட்டேன், தின்னமாட்டேன். அங்க போற ஆளுங்கள்லயே மீனுங்க பயப்படத் தேவயில்லாத ஆளு நான்தான்."

"எறங்கினா ஒண்ணும் ஆவாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"அவ எறங்கமாட்டா" என்றார் வீட்டுக்காரர். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் பயிற்சி எடுத்தேன். காலையில் டவுன் பஸ் பிடித்துத் தொண்டூர் போவேன். அந்த நிலத்தை இப்போது தம்பி பார்க்கிறான். கூரியரில் வரவழைத்த நீச்சல் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பாக இழுத்து மூடியது. அதன்மேல் கிணற்றுமேடு வரைக்கும் நைட்டி. வேர்க்கடலைக்குக் களை எடுக்க வந்த பெண்கள் முதல் நாள் வேலையை விட்டுவிட்டு மேட்டில் வரிசையாக நின்றார்கள். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். டிக்கெட்டா கேட்டேன்?"

நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் இறங்கியபோது என் கால் எந்தப் படி வழுக்கும் என்பதை மறந்திருக்கவில்லை. கண்ணாடி மாட்டிக் குனிந்து பார்த்தால் கிணற்றில் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. எப்போதாவது ஒரு கெளுத்தி குறுக்கே போகும். மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறி இருமி இருமிக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வாரம் களை எடுக்கும் பெண்களில் ஒருத்தி, நான் எவ்வளவு நேரம் தலை தூக்காமல் இருக்கிறேன் என்று செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். வீட்டில் கேட்டால் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்பேன். அவர் தலையாட்டுவார். செஞ்சியில் ஒருத்தி தும்மினால் அது கடைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். புறப்படும் நாளில் பெட்டியைத் திறந்தால், என் புடவைகளுக்கு நடுவில் மஞ்சள் நைலான் கயிறு ஒரு சுருள். எங்கள் கடைக் கயிறு.

"இது எதுக்கு?"

"இருக்கட்டும்" என்றார்.

படகின் கேப்டன் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர். சமையல் அவர் மனைவி. இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. கிழங்கு வேண்டாம், இருட்டுவதற்கு முன் சாப்பாடு வேண்டும் என்றதும் அந்தம்மாள் சிரித்துவிட்டாள். அங்கே அந்த மாதத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடுகிறது. நாலரைக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் மத்தியானச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்கியிருக்காது. இருந்தாலும் ஐந்து நாளும் நாலரைக்குத் தட்டு வைத்தாள்.

முதல் நாள் மத்தியானம் ஒரு சின்னத் தீவின் வளைவுக்குள் நுழைந்தோம். கரையில் மரங்களைத் தவிர ஒன்றுமில்லை. விருப்பம் இருந்தால் விருந்தாளிகளும் படகு வேலை செய்யலாம் என்று கேப்டன் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். படகின் முன்முனையில் நங்கூரச் சங்கிலியை இறக்குவதற்கு ஒரு மோட்டார். காலால் மிதிக்கும் பொத்தான். மோட்டார் பொத்தானை அமுக்குவது எங்களுக்குப் பரம்பரைத் தொழில்.

கேப்டன் கைகாட்டி விளக்கினார். "கறுப்பாத் தெரியிறது பவழம். அதுமேல போடவே கூடாது. வெளுத்த பச்சையாத் தெரியுதே, அது மணல். அங்க போடுறோம். ஆழம் இருபது அடி. சங்கிலில சிவப்பு பெயின்ட் வர்ற வரைக்கும் விடுங்க மேடம். அது நூறு அடி."

அவர் பின்னால் போய் இஞ்சினைப் பிடித்துக்கொண்டார். நான் பொத்தானை மிதித்தேன். சங்கிலி கடகடவென்று இறங்கியது. இருபது அடித் தண்ணீருக்கு நூறு அடிச் சங்கிலியா என்று எனக்குள் கடைக்காரி விழித்துக்கொண்டாள். அந்தச் சிவப்பு ஆழமான இடத்துக்காக இருக்கும், மனுஷர் பொதுவாகச் சொல்லிவிட்டார், மிச்சம் எண்பது அடி கீழே சுருண்டு சிக்கிக்கொள்ளுமே என்று நினைத்தேன். நங்கூரம் தரையைத் தொட்டது சங்கிலியின் அதிர்விலேயே தெரிந்தது. அதற்கு மேல் இரண்டு முழம் விட்டேன். காலை எடுத்தேன். "ஆச்சு" என்று பெருமையாகக் கத்தினேன்.

நங்கூரம் மணலில் குத்தி இறங்குவதற்காக அவர் படகைப் பின்னுக்கு எடுத்தார். எடுத்த வேகத்தில் தீவு எங்களைவிட்டு நகர்ந்துகொண்டே போனது. கீழே ஏதோ தட்டித் தட்டி இழுபடும் சத்தம் என் பாதத்தில் கேட்டது. கேப்டன் ஓடிவந்து எட்டிப்பார்த்தார். சங்கிலி கிணற்றுக் கயிறு போல நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ விட்டீங்க?"

"ஆழத்துக்கு மேல ரெண்டு முழம்."

அவர் சங்கிலியை மேலே ஏற்றினார். நங்கூரத்தின் கொக்கியில் கை அளவுக்கு ஒரு பவழக் கிளை உடைந்து மாட்டியிருந்தது. அதன் இடுக்கில் நகம் அளவு நண்டு ஒன்று, எங்கே போவது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடியது. கேப்டன் இரண்டையும் பதமாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். மிதிக்கமாட்டேன் என்று நாத்தனாரிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னவள் நான். தண்ணீரில் கால் வைக்காமலே உடைத்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கேப்டன் திட்டவில்லை. மறுபடியும் தானே நங்கூரத்தைப் போட்டுவிட்டு வந்து பொறுமையாகச் சொன்னார். "கனத்தால நிக்கிறதில்ல மேடம். சங்கிலி தரையில நீளமாப் படுத்துக் கெடக்கணும். அப்பத்தான் நங்கூரத்தப் படுக்க வாட்டத்துல இழுக்கும், அது மணல்ல பதியும். நேரா நின்னா பிடுங்கிக்கும். ஆழத்தப் போல அஞ்சு மடங்கு விடணும்."

என் வீட்டுக்காரர் அதுவரை வாந்தி மயக்கத்தில் கிடந்தவர். கயிற்று விஷயம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மடங்கா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அஞ்சு மடங்கு உட்டாத்தான் நிக்குமா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? எறங்காமயே இவ்ளோ. இனிமே எதுலயும் கை வைக்காத."

அன்று மத்தியானம் முழுக்க அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. எல்லாரும் சொன்னது சரி, அம்மா சொன்னதும் சரி என்று பட்டது. அதுதான் இதில் பயங்கரமான பகுதி. ஒரு தப்புச் செய்ததும் நாற்பது வருஷக் கோபம் காலடியிலிருந்து நழுவப் பார்த்தது.

மறுநாள் காலை படகை அதே வளைவில் வேறு இடத்துக்கு நகர்த்தினார் கேப்டன். நான் போய் அவர் முன் நின்றேன். "நங்கூரத்த நான் போடறேன்."

"வேணாம்னு சொன்னேன்ல" என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

"ஒடைச்சது நான். ஒழுங்காப் போடவேண்டியதும் நான்தான்."

கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். தள்ளி நின்று வழிவிட்டார். சிவப்புப் பெயின்ட் வரும்வரை காலை எடுக்கவில்லை. படகு பின்னுக்குப் போனது, சங்கிலி விறைத்தது, படகு ஒரு குலுக்கலோடு நின்றது. தீவிலிருந்த ஒரு சாய்ந்த மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தேன். மரம் நகரவில்லை. உள்ளே போய் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் ஏணி அருகில் மஞ்சள் கயிற்றோடு நின்றார். வாக்குறுதியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "இத இடுப்புல கட்டிக்கினு எறங்கு" என்றார். நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்குக் கிணற்றுமேட்டில் அப்படித்தான் கட்டுவோம். அடியிலிருந்து சேறு அள்ளி வந்தவளுக்கு அது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். நேற்றைய தப்பு வாயைக் கட்டிவிட்டது. கயிறு வேண்டாம், மிதவைச் சட்டை போதும் என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். "நான் புடிச்சிக்கினு இருக்கேன்" என்றார் இவர். என் இடுப்பில் அவரே முடிச்சுப் போட்டார்.

இறங்கினேன். உப்புத் தண்ணீர் என்னைத் தூக்கிப் பிடித்தது, கிணறு அப்படிச் செய்யாது. முகத்தைக் கவிழ்த்தேன். இருபது அடிக்குக் கீழே மணலில் ஒவ்வொரு மணியும் தெரிகிற மாதிரி வெளிச்சம். நான் விட்ட சங்கிலி சோம்பேறித்தனமாக வளைந்து நீளமாகப் படுத்திருந்தது. அதன் கடைசியில் நங்கூரம் மணலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்து குழாயில் தண்ணீர் ஏறிவிட்டது. மணல் முடிகிற இடத்தில் கறுப்பாகப் பவழம் தொடங்கியது. அதை நோக்கிக் கால் உதைத்தேன். நாலைந்து உதைதான். இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு.

தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தேன். கயிறு விறைத்து நின்றது. மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அவர் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் அளவு தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் கயிறு அளந்த கண். இருபது அடி, அதற்கு மேல் இரண்டு முழம்.

"உடுங்க" என்று கத்தினேன்.

"போதும். அங்கருந்தே பாரு."

கீழே பார்த்தால் வெறும் மணல். பவழம் இன்னும் முப்பது அடி தள்ளி. நேற்று அஞ்சு மடங்கா அஞ்சு மடங்கா என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட மனுஷர் இவர். இரும்புக்கு அவ்வளவு நீளம் கொடுக்கலாம் என்று புரிந்துகொண்டவருக்கு நான் மட்டும் வாளி. எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியே மங்கிப்போனது. தூக்குச் சட்டியோடு கிணற்றுமேட்டில் நின்றவள் நினைவுக்கு வந்தாள். அவளை இன்னொரு தடவை அங்கே நிற்கவைக்க நான் தயாராக இல்லை. இடுப்பில் இருந்தது எங்கள் கடை முடிச்சு. எத்தனையோ பேருக்கு நானே போட்டுக் கொடுத்தது. நனைந்த நைலானிலும் அதை அவிழ்க்க மூன்று விநாடி போதும். அவிழ்த்துவிட்டேன். அவர் இழுத்த இழுப்புக்கு, வாளி கழன்று விழுந்த கயிறு போல அது லேசாக அவர் கைக்குப் போனது.

"ஏய்" என்றார். அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று தெரியாது. தண்ணீருக்குள் முகத்தை வைத்துவிட்டால் கரைப்பேச்சு எதுவும் காதில் விழாது.

அங்கே பார்த்ததை எல்லாம் எழுதி மாளாது. நம்ம செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை மாதிரி பாறைமேல் பாறை அடுக்கியிருந்தது, ஆனால் இங்கே பாறைக்கு உயிர். கிளி மூக்கு வைத்த பச்சை மீன்கள் அதைக் கடிக்கும் நறநற சத்தம் தெளிவாகக் கேட்டது. கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு, எதன்மீதும் படாமல் மேலேயே மிதந்தேன். ஓர் ஓரத்தில் நேற்று நான் உடைத்த இடம் இருந்தது. மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க, அங்கே மட்டும் வெள்ளை வெளேரென்று புதுக் காயம். அதற்கு நேர் மேலே மிதந்தபடி மன்னிப்புக் கேட்டேன். அதற்காக இனி கடலில் இறங்கவேமாட்டேன் என்று வேண்டிக்கொள்ளவில்லை. இனி எங்கே போனாலும் சங்கிலியை நீளமாக விடுவேன் என்று சொல்லிக்கொண்டேன். தலை தூக்கியபோது பத்தடி தள்ளி ரப்பர் படகில் கேப்டன் சும்மா உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வீட்டுக்காரர் அதே படியில் இருந்தார். கயிற்றை விற்பனைக்கு வைக்கிற மாதிரி அழகாகச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஏணியில் ஏற நான் கை நீட்டவில்லை. அவரும் நீட்டவில்லை. மிச்சம் இருந்த மூன்று நாளும் நான் இறங்கினேன். அவர் படியில் உட்கார்ந்து பார்த்தார். கயிற்றை மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மறுபடியும் அவிழ்த்திருப்பேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், உடைந்த பவழத்தையும் நண்டையும் சேர்த்து.

"நான் அப்பவே சொன்னேனே அண்ணி."

"சொன்ன. அது என் தப்புதான்" என்றேன். அதில் மறுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "எறங்கமாட்டாங்கன்னு நீதான சொன்ன? எப்டிண்ணா உட்ட?"

நான் பதிலுக்குக் காத்திருந்தேன். ஸ்கூட்டியிலிருந்து கடை வரைக்கும் கேட்டுக் காய்த்த காதுதானே. நான்தான் உட்டேன், ஆசப்பட்டா, போய் வரட்டும்னு உட்டேன் என்று அவர் சொல்லப்போகிறார், இந்தக் கடலும் அவர் கொடுத்ததாகப் போகிறது. வாயைத் திறந்தால் சண்டை போடுவது என்று முடிவுசெய்து வைத்திருந்தேன்.

அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்க உட்டேன்? அவளே அவுத்துக்கினு போனா" என்றார்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.